பாதியில் நின்ற முள்

கலேவெலைக்கு இரண்டு மைல் இருக்கும்போது கார் நின்றது. பெட்ரோல் மீட்டரின் முள் அப்போது சரியாகப் பாதியில் இருந்தது. ஓட்டியவர் என் அப்பா. பின் சீட்டில், ஒரு விடுதிக்குப் போய்க்கொண்டிருந்த வெளிநாட்டுத் தம்பதி. அப்பா பானெட்டைத் திறந்து பிளக்கைப் பார்த்தார், பம்பைத் தட்டிப் பார்த்தார், கடைசியில்தான் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். உள்ளே பெட்ரோல் இல்லை. அவர் முச்சக்கர வண்டி பிடித்துப் போய்க் கேனில் பெட்ரோல் வாங்கி வரும் வரைக்கும் தம்பதி வெயிலில் காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்களாம். அவர்களுக்குக் கோபம் இல்லை. பழைய கார் என்றால் வழியில் நிற்க வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

கோபம் முதலாளிக்குத்தான்.

அந்தக் கார் அவருடையது. அவருடைய வாப்பா வாங்கியது. இலக்கத் தகட்டில் இரண்டு எண்களுக்கு நடுவில் 'ஸ்ரீ' எழுத்து உள்ள, கறுப்பு நிறத்தில், முதுகு உருண்ட, இங்கிலாந்தில் செய்த கார். மாத்தளை டவுனில் முதலாளிக்கு வாசனைச் சரக்குக் கடை இருக்கிறது. கறுவாப்பட்டை, மிளகு, சாதிக்காய். இவை தவிர இரண்டு வேன், ஒரு லொறி. கல்யாணங்களுக்கும் சுற்றுலாக்காரர்களுக்கும் மட்டும் இந்தக் காரை வாடகைக்கு விடுவார். என் அப்பா இருபத்திரண்டு வருடமாக இதற்கு டிரைவர். வீட்டில் இருந்த நேரத்தைவிட இந்தக் காரோடு இருந்த நேரம் அதிகம் என்று அம்மா சொல்வார். அது உண்மைதான்.

இந்தக் காரில் மைல் காட்டும் மீட்டர் எப்போதோ நின்றுவிட்டது. அதனால் முதலாளிக்குப் பெட்ரோல் முள்தான் சாட்சி. கார் வெளியே போகும்போது ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து முள்ளைப் பார்ப்பார். அன்று காலையிலும் பார்த்தார். பாதி இருந்தது, அதனால் பெட்ரோல் அடிக்கச் சொல்லவில்லை. மாலையில் விஷயம் தெரிந்து மறுபடி குனிந்தார். கேனில் ஊற்றியதில் பெரும்பகுதி எரிந்து முடிந்திருந்தது. முள் காலிக்குச் சற்று மேலே, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

"மீட்டர் நல்லாத்தானே ஈக்கி," என்றார். "காலைல அரை டேங்க். கலேவெலக்கு அரை டேங்க் குடிக்கிற கார் எங்கயாவது ஈக்கா? பெட்ரோல் எங்க போச்சு, டிரைவர்?"

அப்பா வீட்டுக்கு வந்து, யட்டவத்தைக்கு மேலே எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில், சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கேள்வியை அப்படியே எங்களிடம் சொன்னார்.  அம்மா சோற்றை மூடி வைத்தார்.

என் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பள்ளியின் கடைசிக் கட்டமான உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படித்தேன். பிறகு மோட்டார் வாகன மின்சாரப் பயிற்சியில் சேர்ந்தேன். எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பேர். பெண் நான் ஒருத்திதான். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, லயத்து வாசலைத் திறந்ததும் தெரிகிற சுவரில் மாட்டியது நானே. வேறு யாரும் மாட்டச் சொல்லவில்லை.

"நான் பாக்கிறேன்ப்பா," என்றேன்.

"நீ சும்மா இரு புள்ள. பாஸ்கிட்ட காட்டிட்டோம்."

பாஸ் என்றால் டவுன் கராஜில் வேலை செய்யும் மெக்கானிக். நல்ல மனிதர், என்னை சிங்களத்தில் 'துவ', மகளே, என்றுதான் கூப்பிடுவார். அவர் டேஷ்போர்டுக்குள் கையை விட்டு இரண்டு வயரை ஆட்டிப் பார்த்துவிட்டு, மீட்டர் பழசு, மாற்ற வேண்டும், இந்த மாடலுக்கு சாமான் கிடைக்காது, வேறு ஒன்றை வெட்டிப் பொருத்தலாம் என்று சொல்லியிருந்தார். முதலாளிக்கு வாப்பாவின் காரை வெட்டச் சம்மதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம், மணமகள் இந்தக் காரில்தான் போக வேண்டும். அந்தப் பயணத்துக்கு லொறி ஓட்டுகிறவரைக் கூப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வேறொரு டிரைவர் வந்தால் மாத்தளையில் பத்துப் பேர் காரணம் கேட்பார்கள். பத்துப் பேருக்கும் ஒரே காரணம்தான் சொல்லப்படும்.

வெள்ளிக்கிழமை அப்பாவுடன் நானும் போனேன். முதலாளி வீட்டுப் பின்பக்கத்தில், பலா மரத்துக்குக் கீழே கார் நின்றது. முதலாளி ஜும்மாவுக்குப் போகத் தயாராகி, தொப்பியோடு படியிறங்கி வந்தார். அப்பா அவரை 'மொதலாளி' என்றுதான் கூப்பிடுவார். நான் ஒன்பதாம் வகுப்பிலிருந்து 'ஹாஜியார்' என்று கூப்பிடுகிறேன். அவர் ஹஜ் செய்தவர், ஆகவே அது மரியாதையான சொல்தான். ஆனால் நான் மாற்றியதற்குக் காரணம் அது இல்லை. அவர் எனக்கு முதலாளி இல்லை.

"ஹாஜியார், மீட்டர நான் செக் பண்றேன்."

"பாஸ் பாத்துட்டான்."

"பாஸ் வயர ஆட்டிப் பாத்தாரு. நான் டெஸ்ட் பண்ணிப் பாக்கிறேன்."

அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "உங்கட மகளுக்கு வாய் நல்லா ஈக்கி. சரி. நான் தொழுதிட்டு வாறன். அதுக்குள்ள கண்டுபிடிச்சா காட்டு. ஒண்டையும் வெட்டப்படாது."

ஒன்றரை மணி நேரம் கிடைத்தது.

டேஷ்போர்டின் நடுவில் வட்டமான ஒரே கண்ணாடி. அதற்குள் வேக முள், அதன் அடியில் சின்னதாகப் பெட்ரோல் முள். மேலே பிஸ்மில்லாஹ் ஸ்டிக்கர். அப்பா வண்டியில் ஏறும்போதெல்லாம் அந்த ஸ்டிக்கரைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வார். அன்றும் ஒற்றிக்கொண்டுதான் சாவியைத் திருப்பினார்.

பயிற்சியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முறை இது: முதலில் மீட்டர், பிறகு வயர், பிறகு எர்த், கடைசியில் டேங்க். மீட்டரின் பின்னாலிருந்து டேங்குக்குப் போகும் வயரைக் கழற்றினேன். முள் முழுசுக்கு ஏறியது. அந்த முனையைக் காரின் உடம்புத் தகட்டில் வைத்தேன். முள் காலிக்கு இறங்கியது. மீட்டருக்கு நோய் இல்லை. டிக்கியைத் திறந்து, தரையில் உள்ள வட்ட மூடியை எடுத்து, டேங்கின் மேலே இருக்கும் முனையில் அதையே செய்தேன். அங்கேயும் முழுசு, காலி. வயரும் நல்லது. டேங்கிலிருந்து உடம்புக்குத் தனியாக ஒரு வயர் பிடித்துப் பார்த்தேன். முள் அசையவில்லை, எர்த்தும் நல்லது. முள் காட்டியது காலிக்குப் பக்கம். டேங்கில் இருந்ததும் அவ்வளவுதான்.

அதாவது, எல்லாம் சரி. எல்லாம் சரி என்றால் அப்பா கள்ளன்.

"என்ன புள்ள?" என்றார் அப்பா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"ஒன்னுமில்ல. நல்லாத்தான் இருக்கு."

"நல்லாயிருந்தா நல்லதுதானே," என்றார். பிறகு தான் சொன்னது என்னவென்று அவருக்கே புரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

நான் டிக்கி ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். கார் நின்ற நாளில் முள் பாதியில் இருந்தது. அதற்கு முன் யாராவது பெட்ரோல் அடித்திருக்கிறார்களா? அப்பாவைக் கேட்டேன். ஒரு வாரத்துக்கு முன் முழுசாக அடித்ததாகச் சொன்னார். அதிலிருந்து குறைந்துகொண்டுதான் வந்தது. அப்படியானால் முள் இறங்கி வரும்போதுதான் பிழை நடக்கிறது. நான் காலியான டேங்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பாஸ் செய்த பிழையையேதான் நானும் கொஞ்சம் படித்த முறையில் செய்திருந்தேன்.

முதலாளியின் வேனுக்கென்று வைத்திருந்த கேன்கள் இரண்டு சுவரோரம் இருந்தன. முதலாளி வீட்டு அம்மாவிடம் கேட்டு எடுத்து ஊற்றினோம். முள் ஏறியது, பாதியைத் தாண்டி நின்றது. பிறகு குழாய் போட்டு அதே பெட்ரோலை மறுபடி கேனுக்கு இறக்கினோம். அப்பா வாயால் இழுத்து விட்டார். இரண்டாவது கேன் நிறைந்துகொண்டிருந்தபோது சாவியைத் திருப்பச் சொன்னேன்.

"எங்க நிக்கிது?"

"பாதி."

"இப்ப?"

"பாதி."

"நல்லா பாருங்கப்பா."

"எனக்கு எழுத்துத்தான் கஷ்டம். முள்ளு பாக்கத் தெரியும்."

டேங்க் காலி. முள் பாதி. அப்பா காரை விட்டு இறங்கி, கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் டிக்கிப் பக்கம் போய்க் காரை இரண்டு கையாலும் அழுத்தி ஆட்டினேன். மூன்றாவது ஆட்டில் முள் சட்டென்று விழுந்தது. கலேவெலையிலிருந்து வரும் வழியில், பல்லேபொலவுக்கு இந்தப் பக்கம், ரோட்டில் உள்ள பள்ளங்கள் செய்த வேலையும் இதுதான்.

இனி டேங்குக்குள் பார்க்க வேண்டும். கேன் பெட்ரோலை ஊற்றி இறக்கி, முள்ளை மறுபடி பாதியில் நிறுத்தினோம். அதற்குப் பிறகு பேட்டரியைக் கழற்றினேன். இந்தக் காலத்துக் கார்களைப் போல இல்லாமல் இந்தக் காரில் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். பாடத்தில் ஒரே ஒரு படம் பார்த்திருக்கிறேன், அன்றுதான் கையால் தொட்டேன். டேங்கின் மேலே ஆறு ஸ்குரூ. அவற்றைக் கழற்றினால் ஒரு வட்டத் தகடு வரும். அதன் அடியில் ஒரு கம்பிக் கை, கையின் நுனியில் மிதவை. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். தகட்டை மெல்லத் தூக்கினேன். வரவில்லை. விரலை விட்டுத் தடவினேன். கம்பிக் கைக்கும் டேங்கின் உள்தடுப்புக்கும் இடையில் ஏதோ ஒன்று குறுக்கே நின்றது. இரும்பு இல்லை. இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். தகடும் அதுவும் சேர்ந்தே வெளியே வந்தன.

ஒரு விரல் நீளக் குச்சி. தோல் உரித்த கறுவாக் கம்பின் துண்டு. பெட்ரோலில் ஊறிப் பழுப்பாகியிருந்தது. அதன் மேல் குறுக்குக் கோடுகள், கோடுகளுக்குப் பக்கத்தில் எண்கள். முதல் கோட்டின் எண் அழிந்திருந்தது. 2. 3.

அந்த 2-ஐ எனக்குத் தெரியும். அடியில் ஒரு சுழி வைத்து எழுதுகிற பழக்கம் எனக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து இருக்கிறது.

அந்தக் குச்சி பெட்ரோல் வரிசை வருடத்தது. நாடு முழுக்க வண்டிகள் இரவு பகலாக, பெட்ரோல் நிரப்பும் செட்டுக்கு முன்னால் நின்றன. அப்பாவுக்கு லொறி வேலையும் இருந்ததால், உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நான் பின் சீட்டில் புத்தகங்களோடு இந்தக் காருக்குக் காவல் இருந்தேன். டேங்கில் இருக்கும் கொஞ்ச பெட்ரோலையும் குழாய் போட்டுத் திருடினார்கள். காலையும் மாலையும் அளக்கச் சொன்னார் முதலாளி. பேட்டரி பலவீனமாக இருந்ததால் சாவியைத் திருப்பி முள்ளைப் பார்க்கவும் பயம். அப்பா ஒரு கறுவாக் கம்பைச் சீவிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் பட்டை உரித்த கம்பு அடுப்புக்கு எரிப்பதுதானே, நேராக இருக்கும், வெள்ளையாக இருப்பதால் நனைந்த இடம் நன்றாகத் தெரியும். அப்பா கத்தியால் இரண்டு வெட்டு வைத்திருந்தார், 'இதுக்குக் கீழ போனா சொல்லு' என்று. எனக்கு அது போதவில்லை. செட்டில் அடித்த அன்று ஒவ்வொரு லீற்றராக ஊற்றச் சொல்லி, ஒவ்வொரு லீற்றருக்கும் கவராயத்தின் முனையால் கோடு கீறி, எண் எழுதினேன்.

வரிசையில் அது பெயர் பெற்றது. முச்சக்கர வண்டிக்காரர்கள் கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். "டீச்சர், அந்தக் குச்சியக் கொஞ்சம் தாங்க. எங்கட டேங்குக்கும் பாடம் எடுங்க." பிறகு நிஜமாகவே வாங்கிப் போய், தங்களுக்கும் ஒன்று கீறித் தரச் சொன்னார்கள். ஏழு குச்சி கீறிக் கொடுத்தேன்.

ஒரு நாள் டேங்க் கழுத்தில் என் குச்சி ஒடிந்தது. கீழ்த் துண்டு உள்ளே போய்விட்டது. அன்று மாலையே வேறொரு கம்பில் அதே கோடுகளைக் கீறினேன். யாரிடமும் சொல்லவில்லை. முதலாளி ஏசுவார் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, ஏழு பேருக்குக் கீறிக் கொடுத்தவளின் குச்சி ஒடிந்தது என்று வரிசையில் தெரியக் கூடாது என்பது. பெட்ரோலில் ஒரு துண்டு மரம் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். மூன்று வருடம் அது ஒன்றும் செய்யவில்லை. மிதந்து திரிந்திருக்கிறது. பிறகு ஒரு நாள் நிற்பதற்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

அப்பா துண்டை என் கையிலிருந்து வாங்கி, துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது நீ கீறினதுல்ல?"

"ம்."

"நான் நம்பர் போடுறதில்ல," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து விரித்தார். பலா மர வேரில் உட்கார்ந்து, துண்டைத் தொடையில் வைத்து, 3-ஐச் சுரண்டத் தொடங்கினார். அவர் ஏன் செய்கிறார் என்று கேட்கத் தேவையில்லை. எண்கள் போய்விட்டால் மிச்சம் இருப்பது கோடுகள். கோடு போடுகிறவர் அவர்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். 3 மெல்லிய சுருளாக வந்து அவர் காலடியில் விழுந்தது. அவர் துண்டைத் திருப்பி 2-க்குக் கத்தியைக் கொண்டுபோனபோது கேற் பக்கம் வேனின் சத்தம் கேட்டது. அப்போதுதான் நான் குனிந்து குச்சியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

முதலாளி தொப்பியைக் கழற்றியபடி வந்தார். "என்ன, கெடச்சதா?"

பேட்டரியை மறுபடி மாட்டி, தகட்டை வயரோடு சேர்த்து, அதன் உடம்பிலிருந்து காருக்கு ஓர் எர்த் வயர் போட்டு, சாவியைத் திருப்பச் சொன்னேன். கம்பிக் கையைத் தூக்கினேன். "முள்ளப் பாருங்க ஹாஜியார்." ஏறியது. இறக்கினேன். இறங்கியது. பிறகு கைக்கு அடியில் குச்சியை வைத்து இறக்கினேன். முள் பாதியில் நின்றது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, நெடுநேரம் பார்த்தார். எடுக்கச் சொன்னார், வைக்கச் சொன்னார். நாலு தடவை.

"டேங்க் காலியா இருந்தாலும் இது பாதியத்தான் காட்டும்," என்றேன். "அன்னைக்குக் காலைல நீங்க பாத்தது பெட்ரோல் இல்ல. இந்தக் குச்சி."

"யாருட குச்சி?"

"என்னோட—" என்று அப்பா ஆரம்பித்தார்.

"என்னோடது," என்றேன். "வரிசை நாள்ல நான் அளக்கிறப்ப ஒடஞ்சிச்சு. யாருக்கும் சொல்லல. அப்பாவுக்குத் தெரியாது."

முதலாளி துண்டை வாங்கி 2-ஐப் பார்த்தார். சுரண்டிய இடத்தையும் பார்த்தார், அதைப் பற்றிக் கேட்கவில்லை. "மூணு வருஷமா என்ட டேங்க்ல கறுவா வியாபாரம் நடந்தீக்கி," என்றார். "அதுதான் கார் நல்ல வாசம் வந்திச்சு போல." தன் பகிடிக்குத் தானே சிரித்தார். அப்பாவும் கடமைக்குச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க ஹாஜியார்."

"என்னத்த?"

"கள்ளன்னு சொன்னீங்க."

"நான் கள்ளன்டு சொல்லல்ல. கேட்டேன்."

"அப்பிடிக் கேட்டா அதுதான்."

"புள்ள, வாய மூடு," என்றார் அப்பா, கீழே பார்த்தபடி.

முதலாளி குச்சியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை ஜிப்பாவில் பெட்ரோல் பட்டது. கடைசியில், என்னைப் பார்க்காமல், "டிரைவர், மனசுல வெச்சிக்காதீங்க," என்றார். "ஞாயித்துக்கிழம எட்டு மணிக்கு வாங்க. பூ கட்ட ஆள் வரும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ கெட்டிக்காரி. ஆனா இனி என்ட வண்டி ஒண்டிலயும் கை வைக்கப்படாது. வேலைக்கு பாஸ் ஈக்கான்."

இரண்டு வேனும் லொறியும் மனதில் ஒரு தடவை வந்து போயின. அவற்றின் மின்சார வேலையை எனக்குத் தருவார் என்று காலையில் பஸ்ஸில் வரும்போது நான் கணக்குப் போட்டிருந்தேன். "சரி ஹாஜியார்," என்றேன். தகட்டைக் கழுவி, புதிய கார்க் வளையம் வைத்து, ஆறு ஸ்குரூவையும் சமமாக முறுக்கிவிட்டுத்தான் கை கழுவினேன். அதை அவர் தடுக்கவில்லை.

பஸ் நிலையம் வரைக்கும் அப்பா எனக்கு முன்னால் நடந்தார். யட்டவத்தை பஸ்ஸுக்கு நின்றபோதுதான் பேசினார்.

"மொதலாளிய அப்பிடிக் கேக்கலாமா?"

"அவரு உங்கள அப்பிடிக் கேக்கலாமா?"

"அவரு கேட்டாரு, போச்சு. நீ வேலய விட்டுட்டே."

"எனக்கு வேற வேல கெடைக்கும். கள்ளனோட மகள்னு பேரு வேணாம்."

அவர் தலையாட்டினார்.  பிறகு, கோபமே இல்லாமல், கிட்டத்தட்டக் கேலியாக, "அவ்வளவு ரோசம் இருக்கிறவ, நான் மூணச் சொரண்டி முடிக்கிற வரைக்கும் சும்மாதானே நின்னுட்டிருந்தே," என்றார்.

 பஸ் வந்தது. இடம் ஒன்றுதான் இருந்தது, அவரை உட்கார வைத்துவிட்டு நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.